சுற்றுதலும் ஆய்தலும்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் பயிலும் தமிழ் மாணவர் தம் பணியை மூன்று பெயர்களால் குறிக்கக் கேட்கலாம். படிவங்களில் அது ‘ரிசர்ச்’, மலையாள நண்பர்கள் நாவில் ‘கவேஷணம்’, தமிழ்த்துறையில் ‘ஆய்வு’. மூன்றும் ஒன்றுக்கொன்று நேரான சொற்கள் என்று கொள்வதே வழக்கம். ஆயின் அவற்றின் அடியில் கிடக்கும் செயல்கள் வேறு வேறானவை.

‘ரிசர்ச்’ என்பதன் பகுதியாகிய ‘சர்ச்’, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்தது. அதன் மூலம் ‘சுற்றி வருதல்’ எனப் பொருள்படும் பிற்கால இலத்தீன் வினை. அவ்வினைக்கு அடி, வட்டத்தைக் குறிக்கும் ‘சர்க்கஸ்’. தலைச்சேரியால் சர்க்கஸுக்குப் பெயர்பெற்ற கேரளத்தில் இவ்வுறவை விளக்குவது எளிது. முன்னொட்டாகிய ‘ரி’ என்பதை ‘மீண்டும்’ எனக் கொண்டு ‘மறுதேடல்’ என மேடைகளில் விளக்குவர். இங்கு அது அழுத்தப் பொருளிலேயே வந்தது எனல் பொருந்தும்.

‘கவேஷணம்’ வடசொல். பசுவை நாடித் தேடுதல் என்பது அதன் முதற்பொருள். வெட்சியும் கரந்தையும் கற்றவர்க்கு இது புதுமையன்று. ஆனால் ‘ஆ’ என்னும் எழுத்தொப்புமை கண்டு ஆராய்ச்சியையும் பசுவோடு பிணைப்பது வீண்.

‘ஆய்தல்’ தேடுதலே அன்று. தொல்காப்பிய உரியியல் அதனை உள்ளதன் நுணுக்கத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக வைக்கிறது. பொருள் முன்னரே கைக்கு வந்துவிட்டது. அதனை நுணுகச் செய்வதே வேலை. அடுக்களையில் இன்றும் கீரை ஆய்கின்றனர். பழுத்த இலையும் பூச்சி அரித்த இலையும் முற்றிய தண்டும் விலக, நல்லன மட்டும் முறத்தில் எஞ்சும். நிகண்டுகளைவிட இம்முறம் இச்சொல்லை நன்கு விளக்குகிறது எனலாம். ‘தேடு’ என்பதோ ஈட்டுதலையும் குறிக்கும்; ‘தேடிய பொருள்’ என்பதில் தேடலும் பேறும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இந்நகரின் புலமை வரலாற்றில் இவ்விரு செயல்களுக்கும் சான்றுண்டு. ‘மனோன்மணீயம்’ இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இங்கு மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் திரட்டி, அந்நாட்டின் தொன்மையான மன்னர்களைப் பற்றி 1894இல் அவர் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். த. கணபதி சாஸ்திரி 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் வடமொழி நாடக ஏடுகளைக் கண்டெடுத்து, பாசனுடையவை என 1912 முதல் பதிப்பித்தார். அவை பாசனுடையவைதாமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. ஏடு கிடைத்தது சுற்றலால். வழக்கு நடப்பது ஆய்தலால்.

வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் இப்பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நூல் கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, இனங்கண்டு, அடுக்கியதே பணி.

இன்று சுற்றும் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. மின்பதிப்பில் ‘ஆய்’ எனத் தட்டினால் கணத்தில் விடை வரும். வருவனவற்றுள் பொதியில் வேள் ஆய் இருப்பான். அவன் பெயர் தாங்கிய பிற்கால ஆய் மன்னர் விழிஞத்தில் ஆண்டனர் என்பது இவ்வூரார்க்கு மகிழ்ச்சி தரலாம். தாயைக் குறிக்கும் ஆய் இருப்பாள், ஆய்ச்சியர் இருப்பர். வினையாகிய ஆய்தலோ இவர்களிடையே சிதறிக் கிடக்கும். ‘கீரையாய்ந்து’ எனப் புணர்ந்துவிட்டால் அது வரவே வராது. அங்கே ‘ஆ’ என்னும் எழுத்து இல்லை, யகரத்தின்மேல் ஏறிய கால் மட்டுமே உண்டு. கணிப்பொறிக்கு அவை இரண்டும் வெவ்வேறு குறியீடுகள். ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என எழுதுமுன், ஆய்வேட்டாளர் ‘யாய்’, ‘வாய்’ என உடம்படுமெய் ஏறிய வடிவங்களையும், முன்சொல்லின் மெய்யோடு கூடிய ‘னாய்’, ‘லாய்’ முதலியவற்றையும் தனித்தனியே தட்டிப் பார்த்து, குவிந்து வரும் வாய்களையும் நாய்களையும் ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருக்கிறது.