பூட்டிய குரல்

ஆம்பூரில் காலணி வாங்கியவர் அதன் அடியை யாரிடம் கொடுத்து மாற்றுகிறார் என்று செய்தளித்த தொழிற்சாலை கேட்பதில்லை. விலை கொடுத்த பின் அது அவருடையது. ஒலிப்புத்தகங்களுக்கு இந்த எளிய நியாயம் பொருந்துவதில்லை என்பதை, எங்களோடு நெடுங்காலம் வாசித்துவரும் நண்பர் ஒருவரின் பொருட்டு அறிந்துகொண்டோம்.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலையொன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் அவர். பார்வை போனபின் புத்தகங்களைக் கேட்கத் தொடங்கினார். மகள் விலைக்கு வாங்கித் தந்த ஒலிக்கோப்புகள், விற்ற நிறுவனத்தின் செயலிக்குள் மட்டுமே ஒலித்தன. தொடுதிரையில் அவருடைய விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. பொத்தான்கள் கொண்ட, கைக்குப் பழகிய கருவியோ அக்கோப்புகளைத் திறக்க மறுத்தது.

இத்தகைய கோப்பில் ஒலி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் திறவு எண் வாங்கியவரின் கணக்கோடு பிணைந்திருக்கும். 2008இல் யாஹூ தன் இசைக்கடையை மூடியபோது, திறவு வழங்கும் கணினிகளும் நிற்கும் என்ற அறிவிப்பு வந்தது. காசு கொடுத்தவர்களே திகைத்தனர். எங்களில் இளையவர் ஒருவர், நண்பரின் கணக்கிற்குரிய எண்ணைச் சேர்த்து, கணினியின் கறுப்புத் திரையில் எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு ஒற்றைவரிக் கட்டளை இட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து மயிர் மட்டும் கழல்வதுபோல, குரல் சிதையாமல் பூட்டு நீங்கியது.

இது திருட்டாகாதா என்ற கேள்வி எங்களுக்குள்ளேயே எழுந்தது. எழுத்தை மதிப்பவர்கள் எழுதியவரின் உரிமையை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆகவே சட்டத்தைப் படித்தோம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்திற்குச் செய்வதை அதே பிரிவு விலக்குகிறது. வழக்கமான வடிவில் நுகர இயலாத மாற்றுத்திறனாளிக்கு, ஏற்ற வடிவில் படியெடுத்துத் தர 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிறருக்காகப் பூட்டைத் திறக்க உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிந்துவைக்க வேண்டும். அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். கோப்புகளில் ஒரு பிரதி தங்களுக்கும் வேண்டுமென்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். நோட்டில் இன்றுவரை ஒரே பெயர்தான். நோக்கம் என்ற இடத்தில், 'கேட்பதற்கு' என்று எழுதியிருக்கிறோம்.