ஆறாவது படி

எங்கள் காலனியில் அன்பியக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கும். அதற்கு முன்னால் யாராலும் வர முடியாது. மரக்காணத்து அளங்களில் விடியுமுன்னே பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர்கள் வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளுக்குப் போட்ட பிறகுதான் பாய் விரிக்க முடியும். உப்பு அறுத்த கால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே செபமாலை உருட்டுவார்கள். ஒருமுறை வந்த சாமியார் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அதைவிடப் பக்தியான காட்சி எனக்கு எந்தப் பீடத்திலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

என் ஆயா காலத்து ஞானோபதேசம் வேறு மாதிரி. சின்னக் குறிப்பிடத்தில் கேள்வியும் அச்சாகியிருக்கும், பதிலும் அச்சாகியிருக்கும். உபதேசியார் கேட்பார், ஆயா ஒப்பிக்கும். ஆயாவுக்கென்று ஒரு கேள்வி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1962 முதல் 65 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை லத்தீனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது. பின்னால், வளர்ந்தவர்களுக்கும் மறைக்கல்வி வேண்டும், இருபது முப்பது குடும்பங்கள் வீட்டிலேயே கூடி வேதம் வாசித்துப் பேச வேண்டும் என்று அன்பியங்கள் வந்தன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு பைபிளை நடுவில் வைத்து வாசிப்போம். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டக் கற்ற பெரியம்மா ஒருத்தர் விரல் வைத்து வாசிப்பார். அவர் திணறினால் நான் எடுத்துக்கொள்வேன். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதற்கு எங்கள் தெருவில் இருந்த உபயோகம் அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு ஏழு படிகள் உண்டு. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, பிடித்த சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனமாக இருப்பது, மனதில் பட்டதைப் பகிர்வது, நாம் செய்ய வேண்டிய பணி என்னவென்று பேசுவது, கடைசியாகச் செபம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய முறை இது. நிறவெறி ஆட்சி நடந்த நாட்டில் பிறந்த முறையில் ஆறாவது படியாகப் 'பணி' வந்தது தற்செயல்தானா என்று நான் யோசித்ததுண்டு.

ஒருநாள் மலைப்பொழிவில் உப்பைப் பற்றி வரும் பகுதி. உப்பு சாரம் கெட்டால் வெளியே கொட்டி மிதிக்கப்படும் என்று இயேசு சொல்கிற இடம். வாசித்து முடித்ததும் பெரியம்மா சிரித்துவிட்டார்.

"உப்பு எங்கனா சாரம் கெடுமா? மழ பேஞ்சா கரைஞ்சி பூடும். அடியில மண்ணுதான் மிஞ்சும். அத்தப் போயி உப்புன்னா எப்படி?"

பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. "கசப்புத் தண்ணிய வடிக்காம வுட்டா கசக்குமில்ல? அது உப்போட குத்தமா, வடிக்காதவன் குத்தமா?"

அளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் படிவது நல்ல உப்பு. மிஞ்சுகிற நீரில் மக்னீசியம் ஏறிக் கசக்கும். நேரத்தில் திறந்து விடாவிட்டால் கசப்பும் சேர்ந்து படிந்து பாத்தியே பாழ். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கோயில்லயும் அந்தத் தண்ணிய வடிக்காமதான் வச்சிக்கினு இருக்காங்க."

அன்றைக்கு ஆறாவது படி தானாக வந்தது. திருவிழாத் தேர் ஊர்த்தெருவைச் சுற்றி அப்படியே கோயிலுக்குத் திரும்பிவிடும். காலனிக்கு வராது. தேர் நம்ம தெருவுக்கு வர வேண்டும், அதைக் கேட்பதுதான் இந்த மாதப் பணி என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

சாமியார் குறிப்பேட்டைப் படித்தார். "இதெல்லாம் பங்குப் பேரவை பேச வேண்டியதும்மா. அன்பியத்துல நோயாளிய பாக்கப் போங்க, வயசானவங்களுக்கு உதவி பண்ணுங்க."

"அத்த நீங்க சொல்லாமலே செய்யிறோம் சாமி" என்றார் பெரியம்மா.

அன்பியங்களைத் தெரு பார்த்துப் பிரித்தார்கள். தெருக்களைச் சாதி ஏற்கனவே பிரித்து வைத்திருந்தது. ஆகவே ஊர்த்தெருக்காரர்களும் நாங்களும் ஒரே பாயில் உட்கார வேண்டிய அவசியமே வரவில்லை. எங்களுடையது சவேரியார் அன்பியம். பங்கில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. புனிதரின் பெயரே சாதிப் பெயராகிவிட்டது. சகோதரத்துவம் வளர்க்க வந்த அமைப்பு, யாரும் தீங்கு நினைக்காமலே, சேரிக்குச் சேரியிலேயே ஒரு சகோதரத்துவத்தை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டது.

கேட்டால் பொறுமை வேண்டும் என்கிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் சம்பா கோயிலுக்குள்ளே பறையர்களைப் பிரித்துச் சுவர் இருந்தது. பறையர்கள் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டதில் அது இடிக்கப்பட்டதை 1745இல் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுக்கு ஏழு படி தெரியாது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9இல் அவர்கள் மேல் தாக்குதல் நடந்தது. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்களும் ஏதோ ஒரு பங்கில் ஞானோபதேசம் படித்தவர்கள்தானே என்று அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. இரண்டையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் அக்கா. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அரசாங்கத்துக்கு நாங்கள் கிறிஸ்தவர்கள், எஸ்.சி. கிடையாது. பங்குக்கோ முதலில் காலனி, அப்புறம்தான் கிறிஸ்தவர்கள்.

2013 ஏப்ரல் 25இல் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அடுத்துக் கூடியபோது நாலாவது படியில், மௌனத்தில், யாரோ அழ ஆரம்பித்தார். அதற்கு மேல் நடத்த முடியவில்லை. ஊர்த்தெரு அன்பியங்களிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகச் சொன்ன சாமியார் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார்.

பெரியம்மா போன வருசம் இறந்துவிட்டார். குறிப்பேடு இப்போது நாலாவது நோட்டில் ஓடுகிறது. இந்த மாதமும் ஆறாவது படி வந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். "எழுதும்மா, தேரு வரணும்னு." எழுதினேன். கீழே கைநாட்டும் கையெழுத்துமாகப் பதினேழு பேர்.