எழுதாத நோய்

அத்திப்பட்டு என்றதும் பலருக்கும் சிட்டிசன் (2001) படம்தான் ஞாபகம் வரும். அதில் வரும் அத்திப்பட்டி கற்பனை கிராமம், அரசாங்கக் காகிதத்திலிருந்தே காணாமல் போன ஊர். நிஜ அத்திப்பட்டு கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இன்றும் இருக்கிறது. 1994இல் உற்பத்தி தொடங்கிய வட சென்னை அனல் மின் நிலையம், நிலக்கரி இறக்கும் காமராஜர் துறைமுகம், சாம்பல் குளம் எல்லாம் அதைச் சுற்றித்தான். ஆனால் காகிதத்தில் இல்லாதது காணாமல் போகும் கதை இங்கேயும் உண்டு. ஊருக்கு அல்ல, நோய்க்கு.

இந்த ஊரிலிருந்து தினமும் ரயிலேறி மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்களைக் குறியீடாக மாற்றுவது அவள் வேலை. சென்னையில் ஆயிரக்கணக்கானோர் செய்வது இதுதான்.

அங்கே மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் முதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, தலைக்கு மாதம் இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் கம்பெனிகள் ஆரோக்கியமானவர்களை மட்டும் தேடிப் பிடிக்கும். அதனால் நோய்க்குத் தகுந்த மதிப்பெண் போட்டு, அதன்படி தொகையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். 2004 முதல் நடக்கும் முறை இது.

டாக்டர் வெறுமனே 'சர்க்கரை நோய்' என்று எழுதினால் குறியீடு ஈ11.9. 'சர்க்கரையால் வந்த நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று எழுதினால் ஈ11.22. முந்தைய 24ஆம் பதிப்பில், வீட்டில் வசிக்கும் பெரும்பாலான முதியவர்களுக்கு முதலாவதின் எடை 0.105, இரண்டாவதின் எடை 0.302. ஆள் ஒன்றுதான், எழுத்து மாறினால் தொகை மாறும். கம்பெனிகள் இதைக் கண்டுகொண்டு காகிதத்தில் நோயைப் பெருக்குவதாகப் புகார்கள் எழுந்தன, வழக்குகளும் வந்தன. 2024 முதல் படிப்படியாக வந்த 28ஆம் பதிப்பில் இரண்டு குறியீடுகளுக்கும் ஒரே எடை, 0.166.

கோடருக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், 'எழுதவில்லை என்றால் இல்லை'. எக்ஸ்ரே அறிக்கையைப் பார்த்து அவளாக நோயை ஊகிக்கக் கூடாது. டாக்டர் நேரில் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஆண்டும். கால் எடுக்கப்பட்டவருக்கு அடுத்த ஆண்டு யாரும் அதை எழுதாவிட்டால், கணக்கில் அவருக்குக் கால் முளைத்துவிடும்!

இப்போது அவள் வீட்டுக்கு வருவோம். அப்பா பல வருஷம் சாம்பல் தூசியில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி. இருமல் விடுவதில்லை.

"சீட்டுல இன்னாப்பா எழுதியிருக்காரு?"

"இருமல்னு தாம்மா. மாத்திரை குடுத்தாரு."

என்ன வேலை, எத்தனை வருஷம் என்று சீட்டில் ஒரு வரிகூட இல்லை. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கென்று மூன்றாம் அட்டவணையே இருந்தது. சிலிகோசிஸ் போன்ற, தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் அதில் உண்டு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்று உறுதியானால், அது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம், இழப்பீடு கேட்கலாம். 'இருமல்' என்ற சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு வகை. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். தூசியில் வாழும் குடும்பத்துக்கும் மலைக்காற்றில் வாழும் குடும்பத்துக்கும் அதே தொகைதான். ஏழைக்குப் பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் எந்த ஊரில் எந்த நோய் அதிகம் என்று பிரீமியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கும் டாக்டர் சீட்டுதான் வேண்டும்.

பகலில் கடல் கடந்த முதியவரின் சிறுநீரகத்துக்கு இரண்டு தசம இடம் வரை கணக்குப் பார்ப்பவள், இரவில் அப்பாவின் நுரையீரலுக்கு ஒரு குறியீடும் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். விதி இங்கேயும் அதேதான், அவளாக எழுத முடியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். அடுத்த முறை அப்பாவோடு அவளும் போய், "எங்கே வேலை, எத்தனை வருஷம், என்ன தூசு, இதையும் சீட்டுல எழுதுங்க டாக்டர்" என்று கேட்கலாம். எழுதுவதாலேயே நோய் தீராது, இழப்பீடும் வந்துவிடாது. ஆனால் எழுதாமல் விட்டால் கேட்கவே வழியில்லை.