வயதுப் பட்டியல்

என் கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். 1950களிலும் 60களிலும் அமெரிக்க பேஸ்பாலில் பெயர் வாங்கி, இன்னும் உயிரோடு இருந்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பெயருக்கு எதிரே வயது. உடல்நிலை பற்றிச் செய்தி ஏதும் வந்திருந்தால் அடுத்த கட்டத்தில் அது. கடைசியில் அவருடைய படம் அச்சான அட்டையின் அன்றைய விலை. அடுத்து யார் இறப்பார் என்று கணிப்பதற்காகத்தான் இத்தனையும். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

பழைய பேஸ்பால் அட்டை சேர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் காலமான செய்தி வந்ததும் அவருடைய அட்டையைத் தேடி ஆட்கள் வருவார்கள். சிறுவயதில் அவர் ஆடிப் பார்த்தவர்கள், நினைவாக ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். அந்த வாரம் விலை ஏறும். துக்கம் ஆறியதும் இறங்கும். முன்பே வாங்கி வைத்தவனுக்கு அந்த ஒரு வாரம் போதும். 2021 ஜனவரி 22 அன்று ஹேங்க் ஆரன் இறந்தபோது, 1954ல் வந்த அவருடைய முதல் அட்டையின் விலை எகிறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 755 ஹோம் ரன் அடித்தவர். பேப் ரூத்தின் சாதனையை நெருங்கியபோது, கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிய, அதற்கிடையில் ஆடியவர். அவர் போனதில் எனக்கிருந்த வருத்தமெல்லாம், அந்த அட்டை என் கையில் இல்லையே என்பதுதான். பட்டியலை அந்த மாதம்தான் தொடங்கினேன்.

வேலைக்காக அமெரிக்கா வந்த புதிதில் நான் இப்படி இல்லை. அப்போது என்னை இழுத்தது அட்டையின் பின்பக்கம். பொடி எழுத்தில் ஆட்டக்காரரின் ஊர், பிறந்த நாள், போன ஆண்டு எத்தனை ஆட்டம், எத்தனை ரன் என்று ஒரு வாழ்க்கையே இருக்கும். சூயிங்கத்தோடு அட்டை விற்ற டாப்ஸ் நிறுவனத்தின் 1952 தொகுப்பில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பிள்ளைகள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்ததில், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பாஃப்கோதான் தேய்ந்து போனார் என்பார்கள். இந்த பாஃப்கோ யார்? 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க் ஜயண்ட்ஸின் பாபி தாம்சன் அடித்த ஒரே அடியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் அந்த ஆண்டுக் கனவு முடிந்துபோனது. இடப்பக்கச் சுவரோரம் நின்று, தலைக்கு மேலே அந்தப் பந்து போவதைப் பார்த்தவர் இவர். அதே நேரத்தில் தாம்சனுக்கு அடுத்து ஆட வேண்டிய இருபது வயதுப் பையன் மட்டையோடு காத்திருந்தான். அவன் பெயர் வில்லி மேஸ். ஓர் அட்டையில் தொடங்கி இன்னொரு மனிதரிடம் போய்ச் சேரும் இந்த வழிகளுக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

பிறகு பணம் வந்தது. 2022ல் மிக்கி மேண்டிலின் 1952 அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, தரத்தைக் குறிக்கும் எண் ஒட்டப்பட்ட அட்டைகளையே வாங்கத் தொடங்கியிருந்தேன். மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பேன். பின்பக்கத்தைத் திருப்புவதே நின்றுபோனது.

பட்டியலில் முதல் பெயர் வில்லி மேஸ். 2024 மே மாதம் அவருக்கு 93 வயது நிறைந்தது. ஜூன் 20 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில், 1910ல் கட்டிய ரிக்வுட் ஃபீல்டு மைதானத்தில், ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கின் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஆட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. 17ஆம் தேதி திங்கட்கிழமை, தன்னால் வர முடியாது என்று மேஸ் தெரிவித்தார். அன்றிரவே என் பட்ஜெட்டுக்குள் வந்த அவருடைய அட்டைகளை வாங்கிப் போட்டேன். மறுநாள் அவர் இறந்தார். செய்தியைப் படித்ததும் நான் அடைந்தது மகிழ்ச்சி. வேறு பெயர் சொல்லி அதை மறைக்க விரும்பவில்லை.

இழவு வீட்டு வாசலில் கடை விரித்தேன். விற்பனைக் குறிப்பில் விலைக்கு மேலே அஞ்சலி என்று எழுதினேன். 1954 உலகத் தொடரில் முதுகு காட்டி ஓடியபடியே அவர் பிடித்த அந்தப் பந்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். விற்றவற்றில் ஒன்று 1953 டாப்ஸ் அட்டை, ஓவியமாகத் தீட்டிய முகம். அந்த ஆண்டு முழுக்க மேஸ் ராணுவத்தில் இருந்தார், லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பதை விற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் பதினேழு வயதில், 1948ல், பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக இதே ரிக்வுட்டில் ஆடியவர் என்பதும் அந்த வாரம்தான் மனதில் பதிந்தது. நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்காவின் பெரிய சூயிங்கம் நிறுவனங்கள் அட்டை அச்சடிக்கவில்லை. அட்டை இல்லாத வாழ்க்கை என் கணக்கில் வராத வாழ்க்கையாகிவிட்டது.

வியாழக்கிழமை ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முதல் பந்தை எறிய வந்தவர் பில் கிரீசன். 1948 நீக்ரோ உலகத் தொடரில் பர்மிங்ஹாம் ஜெயித்த ஒரே ஆட்டத்தின் வெற்றிப் பந்துவீச்சாளர். அதே ஆட்டத்தின் கடைசியில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்த அடி மேஸுடையது. தோழன் இறந்த இரண்டாம் நாள் அவர் அங்கே நின்றார். என் மனதில் முதலில் ஓடியது: வயது 99, இவருக்கு அட்டை உண்டா?

அந்த எண்ணம் வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். பட்டியலைப் பிறகு அழித்தேன். அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை; அதற்குள் பணம் கைக்கு வந்துவிட்டது.

1953 அட்டையை வாங்கியவர் ஒரு முதியவர். சிறுவனாக இருந்தபோது போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அப்பாவோடு உட்கார்ந்து மேஸ் ஆடுவதைப் பார்த்ததை நீளமாக எழுதியிருந்தார். உங்களுக்கு மேஸ் எப்படிப் பழக்கம் என்று கேட்டிருந்தார். என் அப்பா அவருடைய ரசிகர், அவர் சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தேன் என்று பதில் எழுதினேன். என் அப்பா வாழ்நாளில் ஒரு பேஸ்பால் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர் என் பதிலை நம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம் என்று எழுதினார். அவரிடம் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை.