மைக்ரோவேவுக்கு வைத்தியமா, வழியனுப்பா?

மும்பை மழைக்காலத்துல குடைக்கு அடுத்தபடியா செலவு வைக்கிறது மின்சாரச் சாமான்கள்தான். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, இன்வெர்ட்டர்னு வருஷத்துக்கு ஒண்ணு மக்கர் பண்ணும். போன ஜூலையில மைக்ரோவேவ் முறை. விளக்கு எரியுது, தட்டு சுத்துது, உள்ள காத்தாடி ஓடுது. பால் மட்டும் வெச்ச மாதிரியே ஜில்லுனு இருக்கு. கூடவே 'ங்ங்ங்'னு ஒரு உறுமல்.

ஆறு வருஷம் ஓடின 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மாடல். கேக் சுடலாம், கோழி வாட்டலாம்னு பெரிய திட்டத்தோட வாங்கினது. ஆறு வருஷத்துல சுட்டது மொத்தம் நாலு கேக். மத்தபடி சாம்பார் சூடு பண்ணவும் அப்பளம் பொரிக்கவும்தான். அதனால, "இதைத் தூக்கிப் போட்டுட்டு சின்னதா ஒண்ணு வாங்கிடலாங்க"ன்னு தங்கமணி சொன்னதுல நியாயம் இருந்துச்சு. கடையில 20 லிட்டர் சாதா மாடல் ஆறாயிரத்து சொச்சம். இதே மாதிரி கன்வெக்‌ஷன்னா பதிமூணாயிரத்துக்குக் குறைஞ்சு இல்ல.

வெறும் பணக் கணக்கா இருந்தா அன்னிக்கு சாயங்காலமே முடிவு பண்ணியிருப்போம். விஷயம் அம்மாவைப் பத்தினது. அதுக்கு முந்தின வருஷம் பாலை அடுப்புல வெச்சுட்டு சாமி விளக்கேத்தப் போயிட்டாங்க. பால் பொங்கி தீ அணைஞ்சு, பைப் கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருந்திருக்கு. பக்கத்து ஃப்ளாட் மராத்தி ஆஜி நாத்தம் பிடிச்சு வந்து கதவைத் தட்டினதால தப்பிச்சோம். அன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்பறப்ப கேஸ் வால்வை மூடிட்டுப் போறதுன்னு ஏற்பாடு. பகல்ல அம்மாவுக்கு சாப்பாடு, காபி எல்லாம் மைக்ரோவேவ் தயவுதான். அது நின்னுட்டா, 79 வயசுல ஆறின சோறு, இல்லேன்னா அவங்களே வால்வைத் திறக்கிறது. அம்மா ரெண்டாவதைச் செய்யக்கூடியவங்கன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்.

கம்பெனிக்குப் போன் பண்ணினோம். மூணாம் நாள் ஒரு பையன் வந்தான். மூடியைக் கழட்டவே இல்ல. சத்தத்தைக் கேட்டுட்டு, "மேக்னட்ரான் போயிடுச்சு சார், போர்டும் வீக்கா இருக்கு, 5,600 ஆகும்"னான். வந்து பார்த்ததுக்கு 450, ஜிஎஸ்டி தனி. (ஒரு உபரித் தகவல்: நிறைய கம்பெனிகள் முழு மிஷினுக்கு ஒரு வருஷம்தான் வாரண்டி தருவாங்க, ஆனா மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதலா சில வருஷம் இருக்கும். ஒரு வருஷம் ஆச்சேன்னு அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எங்களுக்கு அதுவும் முடிஞ்சிருந்துச்சு.)

அடியேன் படிச்சது எலக்ட்ரிகல். ஆனா இதை மட்டும் வீட்டுல கழட்ட மாட்டேன். உள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் வீட்டு கரண்டை 2,000 வோல்ட்டா ஏத்தும். அதை ஒரு கெப்பாசிட்டரும் ஒரு டயோடும் சேர்ந்து கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி மேக்னட்ரானுக்குக் கொடுக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்துட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிற மச்சான் யாராவது உங்க வீட்டுல இருந்தா இதைச் சொல்லி வையுங்க.

ஆனா படிச்ச படிப்பு ஒரு சந்தேகத்தைக் கிளப்பிச்சு. சூடே ஏறாம கனமா உறுமினா, மேக்னட்ரானா இருக்கலாம். ஷார்ட் ஆன டயோடாவும் இருக்கலாம். பின்னது நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கிற சாமான். திறந்து பார்க்காம எது போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

முலுண்ட் ஸ்டேஷன் பக்கத்துச் சந்துல ஒரு ரிப்பேர் கடை. உத்தரப் பிரதேசத்துக்காரர், வயசானவர். கெப்பாசிட்டரை முதல்ல டிஸ்சார்ஜ் பண்ணிட்டுதான் மத்ததைத் தொட்டார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு. டயோடு ஷார்ட், கெப்பாசிட்டரும் சரியில்ல. ரெண்டையும் மாத்தி, உள்பக்கம் எண்ணெய் தெறிச்சுக் கருகியிருந்த மைக்கா தகட்டுக்குப் புதுசு வெட்டிப் போட்டு, கூலியோட 1,150.

மேக்னட்ரான் தேஞ்சிருக்கான்னு பார்க்க நான் கேட்டேன். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு நிமிஷம் ஃபுல் பவர்ல வெச்சு, தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தோம். 12 டிகிரி ஏறிச்சு. கணக்குப் போட்டா 840 வாட் பக்கம் வருது. மிஷின்ல எழுதியிருக்கிறது 900. ஆறு வருஷக் கிழத்துக்கு இது போதும். 5,600 ரூபாய் மேக்னட்ரான் கதை அதோட முடிஞ்சுது.

கதவு கோணியிருந்தாலோ, கீல் ஆடினாலோ, உள்சுவர் துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தாலோ நானே புதுசு வாங்கியிருப்பேன். கதிரை உள்ளேயே வெச்சிருக்கிறது கதவும் அந்தப் பெட்டியும்தான். கண்ணாடிக்குள்ள தெரியுற வலையில ஓட்டைகள் மில்லிமீட்டர் கணக்கு, அலையோட நீளம் 12 சென்டிமீட்டர். அதனாலதான் வெளிய வர முடியல. அங்க கோளாறுன்னா சிக்கனம் பார்க்கிற இடமே இல்ல. எங்களுது கதவு 'டக்'னு சுத்தமா மூடிச்சு.

இதெல்லாம் தங்கமணிகிட்ட விளக்கினப்ப, "அப்பவும் இன்னும் ரெண்டு வருஷத்துல வேற ஏதாவது போகும்"னாங்க. போகும்தான். 1,150 ரூபாய்க்கு ரெண்டு வருஷம் ஓடினாலே எனக்கு லாபக் கணக்குதான். ஆனா தங்கமணியை ஒத்துக்க வெச்சது என் கணக்கு இல்ல.

கடையில பார்த்த புது மாடல் எல்லாம் வழவழன்னு டச் பட்டன். தொட்டா மேடு பள்ளம் எதுவும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆகி, இன்னொண்ணு பாக்கி. பழசுல '30 செகண்ட்' பட்டன் மேல ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு ஒட்டி வெச்சிருந்தாங்க. தடவிப் பார்த்து அமுக்கினா போதும். காபிக்கு ரெண்டு தடவை, சாதத்துக்கு நாலு.

"ஏம்மா, புதுசு வாங்கினா எனக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் கொடுப்பியா?"ன்னு அம்மா கேட்டாங்க. தங்கமணி பேசாம கடைக்குப் போன் போட்டு, எப்ப கிடைக்கும்னு கேட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் வந்துச்சு. ரிப்பேர்க்காரர் பெரிய மனசு பண்ணி வெளிப்பக்கம் எல்லாம் பளபளன்னு துடைச்சுக் கொடுத்திருந்தார். பொட்டும் போயே போச்சு. அம்மா பீரோவைத் திறந்து அட்டையை எடுத்து, முன்னைவிடப் பெரிய பொட்டா ஒண்ணு பார்த்து ஒட்டினாங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாருக்கும் அவங்கதான் பால் சூடு பண்ணிக் கொடுத்தாங்க.