கேள்விக்குறியோடு ஒரு பெயர்

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். 1999 வாக்கில் ஒரு நாள் கேஸட் ஒன்றைக் கையில் திணித்து, 'இது கோயில் பாட்டா, வெளிப் பாட்டா? கேட்டுட்டுச் சொல்லும்வே' என்றார். (நெல்லைக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்பார்கள்.)

கேட்டேன். கிடார் உறுமியது. பாடுகிறவர் உருகுவது கடவுளிடமா, காதலியிடமா என்று சரியாகப் பிடிபடவில்லை. 'ரெண்டும்' என்று சொல்லித் தப்பித்தேன்.

'அதான்வே அவங்க பிரச்னையே!'

அவங்க என்றால் டெலிரியஸ் என்ற இங்கிலாந்து கோஷ்டி. பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வேறு. அதையும் சேர்த்துத்தான் பெயர். லிட்டில்ஹாம்ப்டன் என்ற கடலோரச் சிற்றூரில், 1992-ல் உள்ளூர் சர்ச்சின் இளைஞர் கூட்டத்தில் ஆரம்பித்தவர்கள். மார்ட்டின் ஸ்மித் எழுதிப் பாட, நண்பர்கள் வாசிக்க, நாலு கேஸட் போட்டு விற்றார்கள். 1996-ல் முழுநேரமாக இறங்கினார்கள், சொந்த ரெக்கார்டு கம்பெனியோடு.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். சர்ச் பாட்டு கூட்டம் பாடுவதற்கானது. ஸ்ருதி ரொம்ப ஏறக்கூடாது. இரண்டாம் தடவையே பின்வரிசை மாமா சேர்ந்து பாடிவிட வேண்டும். பாடகர் அற்புதமாகப் பாடி, எல்லோரும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தால் அது அங்கே தோல்வி! ராக் கச்சேரியில் அதற்குத்தான் டிக்கெட். நம் ஊர் பஜனைக்கும் சபா கச்சேரிக்கும் உள்ள தூரம். டெலிரியஸ் இரண்டுக்கும் ஆசைப்பட்டது. 1997-ல் 'டீப்பர்' பிரிட்டிஷ் தரவரிசையில் 20-ம் இடம். 1999-ல் 'மெஸ்ஸமார்ஃபிஸ்' ஆல்பம். என் கணக்கில் அதுதான் அவர்களுடைய துணிச்சலான வேலை. ரேடியோஹெட் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல். 2001-ல் பான் ஜோவி மேடையில் முன்வாசிப்பு. ஆனாலும் சர்ச்சுக்கு அவர்கள் கொஞ்சம் வெளி ஆள், ரேடியோவுக்குக் கொஞ்சம் சர்ச் ஆள்.

நண்பருக்கு இது தூரதேசக் கதை இல்லை. ஞாயிறு காலை கோயிலிலும், சனி இரவு லைட் மியூசிக்கிலும் கிடார் வாசித்தவர். ஒரு பெரியவர், 'நேத்து சினிமாப் பாட்டுக்கு மீட்டின கைதானே, தம்பி?' என்று கேட்டாராம். சத்தமாகக்கூட இல்லை. இவர் இரண்டையுமே விட்டுவிட்டார். கிடார் அலமாரி மேலே போயிற்று.

2009 நவம்பரில் லண்டனில் டெலிரியஸின் கடைசிக் கச்சேரி நடந்தது. கலைந்த பிறகு வேடிக்கை. 2010 ஈஸ்டருக்கு ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் திரண்டு, 'ஹிஸ்டரி மேக்கர்' என்ற பழைய 1997 பாட்டை ஒரே வாரத்தில் வாங்கித் தள்ள, அது 4-ம் இடத்துக்குப் போய்விட்டது. கோஷ்டி இருந்தவரை முதல் பத்துக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. எந்த ரேடியோவும் தூக்கிவிடவில்லை. கூடப் பாடியவர்கள்தான் வாங்கினார்கள்.

நண்பரிடம் சொன்னேன். 'கடையைச் சாத்தினப்புறம் யாவாரம் ஆகுது பாரும்' என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிடார் சோபாவில் கிடந்தது.

'பேத்தி இறக்கச் சொன்னா' என்றார்.

ஆறு கம்பிகளும் புதுசு.