ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஒரு மடக்கு பெட்ரோலும்

வருஷக்கணக்கா நின்ன வண்டியை எடுத்து ஓட்டப் போறீங்கன்னா முதல்ல இதைப் படிச்சுடுங்க.

டேங்க்ல கிடக்கற பழைய பெட்ரோலை டியூப் போட்டு வாயால உறிஞ்சி எடுக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்களையும் உறிஞ்ச விடாதீங்க.

பதிவோட முக்கியமான விஷயம் அவ்வளவுதான். அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பலாம். மத்தவங்களுக்கு ஒரு கார் கதை இருக்கு.

குறிஞ்சிப்பாடியில எங்க வீட்டுக்குப் பின்னாடி முந்திரி மூட்டை அடுக்கற தகர ஷெட்டுல, அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 நின்னுட்டு இருந்தது. 2014 மழைக்காலத்துல உள்ள விட்டது. அப்புறம் யாரும் தொடல. மேல போட்ட தார்ப்பாய் மக்கி, எலி கூடு கட்டி, கோழி முட்டை வெச்சு, அந்தக் கார் ஒரு பெரிய குடும்பத்தையே பார்த்துடுச்சு.

இந்த வண்டியைத் தெரியாதவங்களுக்கு. ட்ரையம்ப் ஹெரால்டுனு இங்கிலாந்துல 1959ல வந்த காரை, சென்னையில இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961ல இருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டுங்கற பேர்ல செஞ்சாங்க. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர், ஜொவான்னி மிக்கெலோட்டி. இதே ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கி, ரெண்டு பேர் உக்கார்ற பாடி போட்டுத்தான் 1962ல ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால எங்க அப்பாவைப் பொறுத்தவரை இதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான். 948 சிசி, நாலு கதவு, டிக்கியில முந்திரி மூட்டை ஏத்தின ஸ்போர்ட்ஸ் கார்.

இந்த வண்டியில எனக்குப் பிடிச்ச விஷயம் பானெட். ரெண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்தமா முன்னாடி கவுந்து திறக்கும். முன் டயர் மேல உக்காந்துகிட்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்னைக்கு வர்ற கார்ல பேட்டரியைத் தேடவே அரை நாள் ஆகுது.

அப்பாவுக்கு இப்போ 76 வயசு. "ஒரு தரம் வடலூர் வரைக்கும் இதுல போயிட்டு வந்துட்டா போதும்மா"ன்னார். அதைத் தவிர வேற எதுவும் கேக்கற ஆள் இல்ல. நைட் டூட்டி முடிஞ்ச மறுநாள்களா பார்த்து வேலையை ஆரம்பிச்சோம். அம்பாசடர் காலத்து மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், அவர்கிட்ட தொழில் கத்துக்கற ஒரு பையன், நான்.

ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ரெண்டு நாள் ஊற வெச்சு கையால சுத்தினோம். சுத்துச்சு. பிஸ்டன் பிடிக்கல. பாயின்ட் தேய்ச்சு கண்டென்சர் மாத்தினதும் ஸ்பார்க்கும் வந்துடுச்சு. காத்து இருக்கு, நெருப்பு இருக்கு, பெட்ரோல்தான் வரல.

டேங்க் டிக்கிக்குள்ள இருக்கு. மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசனையே இல்ல. பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளிச்ச நெடி. பெட்ரோல்ல லேசான பகுதி எல்லாம் முதல்ல ஆவியாப் போயிடும். மிச்சம் இருக்கறது காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து பிசினா மாறும். எத்தனால் கலந்திருந்தா அது ஈரத்தை வேற இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து தனியாப் பிரிஞ்சு அடியில தங்கும். டேங்க் துருப்பிடிக்க ஆரம்பிக்கறதும் அந்த அடியிலதான்.

"காலி பண்ணிடலாம் டாக்டரம்மா"ன்னு அண்ணன் சொன்னதுதான் தாமதம். பையன் ஒரு டியூபை டேங்குக்குள்ள விட்டு, மறுமுனையை வாயில வெச்சுட்டான்.

நான் போட்ட சத்தத்துல டியூபை விட்டுட்டான். "தினமும் செய்யறதுதானே மேடம்"னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னு சொல்றேன்.

பெட்ரோலை முழுங்கினா வயிறு கெட்டுப்போகும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. வயித்துக்குள்ள போறது ரெண்டாம்பட்சம். பயமே நுரையீரலுக்குத்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் ரொம்ப மெல்லிசு, வழுவழுன்னு பரவும். உறிஞ்சும்போது புரை ஏறினா ஒரு மில்லிக்கும் குறைவா மூச்சுக்குழல்ல இறங்கினாலே போதும். நம்ம நுரையீரல்ல இருக்கற சின்னச் சின்ன காத்துப் பைகள் சுருங்கி ஒட்டிக்காம இருக்க, உள்பக்கம் சர்ஃபேக்டன்ட்னு ஒரு மெல்லிய பூச்சு இருக்கு. பெட்ரோல் அதைக் கரைச்சுடும். பைகள் ஒட்டிக்கும், நீர் கோத்துக்கும். கிருமி எதுவும் இல்லாமலே நிமோனியா. இதுக்குப் பேர் கெமிக்கல் நிமோனைட்டிஸ்.

இதுல மோசமான விஷயம் என்னன்னா, முதல்ல வெறும் இருமல்தான் இருக்கும். தண்ணி குடிச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. சாயந்திரம் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு வாங்கும். உடனே எடுத்த எக்ஸ்ரே நல்லாவே இருக்கும். சில மணி நேரம் கழிச்சு எடுத்தா வெள்ளையா இருக்கும். வெண்டிலேட்டர் வரைக்கும் போனவங்களும் உண்டு.

அதனால யாருக்காவது இப்படி ஆச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். வாந்தி வந்தா அதே பெட்ரோல் இன்னொரு தரம் தொண்டை வழியா வரும், இன்னொரு தரம் நுரையீரலுக்குள்ள இறங்க வாய்ப்பு. "வயித்தைக் கழுவி விடுங்க டாக்டர்"னு எங்ககிட்ட சண்டைக்கு வர்றாங்க. கழுவாததுக்கும் காரணம் இதேதான். நனைஞ்ச துணியைக் கழட்டி, தோலை சோப்பு போட்டுக் கழுவி, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. இருமல் கூட இல்ல, நல்லாத்தான் இருக்கார்னாலும் குறைஞ்சது 6 மணி நேரம் எங்க கண் முன்னாடி இருக்கணும். இருமினார், மூச்சு வாங்கினார்னா அட்மிஷன்தான்.

பையன்கிட்ட இதைச் சொல்லி முடிச்சப்போ அண்ணனும் கேட்டுட்டு இருந்தார். "முப்பது வருஷமா உறிஞ்சறேனே"ன்னு மட்டும் சொன்னார். நான் ஒண்ணும் சொல்லல. மறுநாள் அழுத்தினா உறிஞ்சற கை பம்பு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டார்.

டேங்கைக் காலி பண்ணி, கழட்டி, உள்ள நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். அது மட்டும் ஒரு நாள். அதுவரைக்கும் இன்ஜினைச் சோதிக்க, ஒரு லிட்டர் டப்பாவுல நல்ல பெட்ரோல் ஊத்தி உயரத்துல கட்டி, ஹோஸ் வழியா நேரா கார்புரேட்டருக்கு விட்டோம். "டிரிப் ஏத்தியாச்சு டாக்டரம்மா"ன்னார் அண்ணன். பத்தாவது தடவை சுத்தறதுக்குள்ள இன்ஜின் பிடிச்சுது. அப்பா உள்ள இருந்து வேட்டியைப் பிடிச்சுகிட்டு ஓடி வந்தார்.

ஷெட்டுக்குள்ள இன்ஜின் ஓடவிடாதீங்கங்கறதை இங்க சொல்லிடறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நாங்க வண்டியை வெளிய தள்ளிட்டு வந்துதான் ஸ்டார்ட் பண்ணினோம்.

டிரிப்புல ஓடுது, டேங்க்ல இருந்து ஓடலன்னா கோளாறு நடுவுலதான். இன்ஜின் பக்கவாட்டுல கேம் ஷாஃப்ட்டால ஓடற மெக்கானிக்கல் பம்பு இருக்கு. திறந்து பார்த்தா உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரம் அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. டயஃப்ரம் புதுசு, ஹோஸ் எல்லாம் புதுசு. 2014ல பெட்ரோல்ல எத்தனால் நாடு முழுக்க சராசரியா 2 சதவீதம் கூட இல்ல. இப்போ 20. அந்தக் காலத்து ரப்பருக்கு இது ஒத்துக்காது. அதனால எத்தனால் தாங்கற ஹோஸ்தானான்னு கேட்டு வாங்குங்க. மீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். சூடான இன்ஜின் மேல ஹோஸ் வெடிச்சு பெட்ரோல் பீச்சினா என்ன ஆகும்னு தீக்காய வார்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அடுத்து சோலெக்ஸ் கார்புரேட்டர். சோக்கு இழுத்தா ஓடுது, விட்டா நிக்குது. ஸ்லோ நிக்கவே இல்ல. அப்படின்னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. எங்கேயோ அடைப்பு. பைலட் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பார்த்தேன். ஓட்டையே தெரியல, அரக்கு மாதிரி பிசின். சோலெக்ஸ் ஜெட்டுல பொறிச்சிருக்கற நம்பர் மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குக் கணக்கு. 45ன்னா 0.45 மில்லிமீட்டர். நாங்க ஊசி போடற 26 கேஜ் நீடில் வெளிப்பக்கம் அதே தடிமன்தான். அண்ணன் கம்பியோட வந்தார். வேண்டாம்னேன். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி விட்டுக் குத்தினா ஓட்டை பெருசாகும், அப்புறம் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஒரு ராத்திரி கார்ப் கிளீனர்ல ஊற வெச்சு, காத்து அடிச்சு, கடலூர் துறைமுகத்துல வாங்கின மெல்லிசான தூண்டில் நரம்பை விட்டு எடுத்தோம். கார்ப் கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, எதிர்ப்பக்க ஓட்டை வழியா கண்ணுலயே பீச்சும்.

ஃப்ளோட்டைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தோம். உள்ள தளும்பற சத்தம் கேட்டா பெட்ரோல் புகுந்திருக்குன்னு அர்த்தம், மிதக்காது. எங்களுது தப்பிச்சுது. உங்களுது தளும்பினா ஈயம் பத்த வைக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு சொட்டு கூட இல்லாம காலி பண்ணுங்க. இல்லேன்னா அது சின்ன வெடிகுண்டு.

சாமான் கழுவற மண்ணெண்ணெய், தின்னர் விஷயமும் இருக்கு. ஒர்க்‌ஷாப்புல, வீட்டுல எல்லாம் இதைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயும் தண்ணி பாட்டில்லயும் ஊத்தி கீழ வெக்கறாங்க. ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது குடிக்கற பாட்டில்தான். பெட்ரோல் உறிஞ்சி வர்றவங்களை விட இப்படி வர்ற குழந்தைங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு வேற டப்பா, இறுக்கமான மூடி, கைக்கு எட்டாத உயரம். முதலுதவி மேல சொன்னதேதான், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

வண்டி இப்போ ஓடுது. சூடானதும் ஸ்லோ ஒழுங்கா நிக்குது. ரெண்டாவது கியர்ல அழுத்தினா மட்டும் ஒரு விக்கல் விக்குது. எத்தனால் பெட்ரோலுக்கு மெயின் ஜெட் ஒரு நம்பர் பெருசாப் போடணும்னு அண்ணன் சொல்றார், தேடிட்டு இருக்கோம்.

ஆர்சி காலாவதி. 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் பதிவு இருக்கு, கட்டணம் 20,000 ரூபாய், ஆனா அதுல தினசரி ஓட்ட முடியாது. அதையா, சாதாரணப் புதுப்பிப்பையா, எதைப் போடறதுன்னு அப்பா இன்னும் யோசிச்சுட்டு இருக்கார். அதுவரைக்கும் ரோட்டுக்கு எடுக்கறது இல்ல. சாயந்திரம் ஷெட்டுல இருந்து முந்திரி மரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், அங்கேயே திருப்பிட்டு வர்றார்.